நீல ஆடு நிற்கும் இடம்

மாலை நான்கு இருபதுக்கு மூத்தவள் ஏற்காட்டிலிருந்து போன் செய்தாள். "பஸ்ஸு ஏறிட்டேம்மா. சீட்டு கெடச்சிருச்சு. மழ வர்ற மாதிரி..." என்றாள். அத்தோடு லைன் போய்விட்டது.

பரீட்சை முடிந்ததற்காகத் தோழிகளோடு ஒருநாள் போய்வருகிறேன் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினேழு வயதுப் பெண்ணை மலைக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. ஏறியதும் ஒரு போன், சாப்பிட்டதும் ஒரு போன், இறங்கும்போது ஒரு போன் என்று கட்டளை போட்டு அனுப்பினேன். மூன்றையும் செய்துவிட்டாள். பிறகுதான் நான் பயப்படத் தொடங்கினேன்.

எங்கள் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. முன்கூடத்து ஜன்னலில் நின்றால் மலை முழுதும் தெரியும். இருட்டிய பிறகு பஸ் விளக்குகள் வளைந்து வளைந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சமைத்த நாட்கள் உண்டு. அன்று ஐந்து மணிக்கே மலையைக் காணோம். மழை அதைத் துடைத்து எடுத்துவிட்டது. கரண்டும் போயிற்று. இன்வெர்ட்டர் 'டக்' என்று விழுந்து ஒரு விளக்கு எரிந்தது.

பால் ஊற்ற வந்தவர் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். "மேல மரம் உழுந்திருச்சாமுங்க. ஏதோ வண்டி மேல உழுந்ததாப் பேசிக்கறாங்க."

"என்ன வண்டிங்க?"

"பஸ்ஸா காராங்கறது தெரியலீங்க. நான் பாக்குலீங்களே" என்று பாலை அளந்தார். நான் பாத்திரத்தைத் தள்ளிப் பிடித்திருந்தேன்போல. பால் பாதி படியில் கொட்டியது.

குடையை எடுத்துக்கொண்டு சாலை முனை வரை ஓடினேன். தடுப்பு போட்டிருந்தார்கள். மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் ஒருவர், "ஊட்டுக்குப் போங்கம்மா, இங்க நின்னு ஒண்ணும் ஆகாது. மேல இருக்கறவங்களச் சுத்தி அனுப்புவாங்க" என்றார். அவர் சொன்னது அத்தனையும் இப்போது நினைவு வருகிறது. அப்போது என் காதில் விழுந்தது 'ஒண்ணும் ஆகாது' மட்டும்தான். அதையும் நான் நம்பவில்லை.

வீட்டில் சின்னவள் தனியாக இருந்தாள். பத்து வயது. என்னைப் பார்த்ததும், "அக்கா எங்கீங்மா?" என்றாள்.

"வந்துட்டே இருக்கறா, சாமி."

"அப்பறம் ஏன் நீங்க செருப்புப் போடாமப் போனீங்க?"

கீழே பார்த்தேன். காலெல்லாம் சேறு.

என் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார். போர் ஓடும்போது அவருக்குப் போன் அடிப்பது கேட்காது. மூத்தவளின் எண்ணும் அவள் தோழிகளின் எண்களும் தொடர்பு எல்லைக்கு வெளியே. கடைசியில் நாமக்கல்லில் இருக்கும் என் அண்ணனைக் கூப்பிட்டேன். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, "அழுவாத அம்மிணி" என்றார். "எனக்கு அங்க லாரிக்காரங்க நாலு பேரத் தெரியும். நான் விசாரிக்கறேன். நீ என்ன பண்ற?"

"ஜன்னல்ல நிக்கறனுங்க."

"அதுல நின்னு என்ன, மரத்தத் தூக்கப் போறியா? காலைல பார்சல் வந்துச்சே, தொறந்தியா?"

"இப்ப அதா முக்கியம்?"

"சின்னப் புள்ள உன் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கும். தொற. ரெண்டு பேரும் ஆடுங்க. நான் கூப்பிடறேன்."

பார்சலைப் பிரித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் இருந்தது. அண்ணன் ஒரு வாரமாகப் போனில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஆனாலும் கையில் எடுத்ததும் ஒரு கணம் மலையை மறந்தேன் என்று சொன்னால் தப்பில்லை.

நாங்கள் சிறுவயதில் ஆடிய அதே டிவி கேம். அதே வெளிர் சாம்பல் நிறம், அதே சிவப்புக் கோடு, கேசட் சொருகும் இடத்து மூடி. ஆனால் மொத்தமும் ஒரு சோப்பு டப்பா அளவுக்குச் சுருங்கியிருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். மூடியைத் திறக்க நகத்தால் நெம்பினேன். திறக்கவில்லை. அது மூடியே இல்லை, மூடிபோல ஒரு கோடுதான். கேசட் என்ற ஒன்றே தேவையில்லையாம், எல்லா ஆட்டமும் உள்ளேயே இருக்கிறதாம். ரிமோட்டுகள் மட்டும் பழைய அளவிலேயே இருந்தன. பெட்டியைவிட ரிமோட் பெரிது. ஊரைவிடப் பெரிய கோயில் மணிபோல இருந்தது அது எனக்கு.

டிவியும் இன்வெர்ட்டரில் ஓடும். சின்னவள் அதில் சொருகினாள். ஆட்டங்களின் படம் வரிசையாக வந்தது. அதில் அந்த மலை இருந்தது.

அந்த ஆட்டத்தில் இரண்டு ஆடுகள். முதல் ரிமோட்டுக்குச் சிவப்பு ஆடு, இரண்டாவதற்கு நீல ஆடு. பாறைக்குப் பாறை தாவி மலை உச்சிக்குப் போக வேண்டும். மேலிருந்து கல் உருளும், கழுகு வரும். முன்னால் போகும் ஆடு ஏறினால் திரையும் கூடவே ஏறும். பின்தங்கிய ஆடு திரைக்குக் கீழே போய்விட்டால் அதன் கதை முடிந்தது. நான் எப்போதும் நீல ஆடு. தங்கை என்பதால் அப்படி. அண்ணன் ஒருநாளும் நின்றதில்லை. சிவப்பு ஆடு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், நான் கீழே முழுகிப் போவேன். "வேகமா வா புள்ள!" என்பார். நான் செத்த பிறகும் சொல்வார்.

உச்சியை நாங்கள் பார்த்ததே இல்லை. பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டித் தறிப்பட்டறை. அப்பாவின் தறிகள், பக்கத்து வீட்டுத் தறிகள், எதிர்வீட்டுத் தறிகள். அந்த இரைச்சலில் எங்கள் ஊரில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. கல்யாணமான புதிதில் என் கணவர், "ஏன் கத்தறே? நான் இங்கதானே இருக்கறேன்?" என்று கேட்டிருக்கிறார். கரண்டு போனால் ஊரில் அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நிற்கும். அந்த அமைதியில் முதலில் எழும் சத்தம் அண்ணனின் அலறல்தான். தறியோடு டிவியும் போயிருக்கும். உச்சிக்கு இரண்டு பாறை இருக்கும்போதெல்லாம் கரண்டு போனது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார். மறுபடி கரண்டு வந்தால் ஆடுகள் அடிவாரத்தில் நிற்கும்.

சின்னவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சிவப்பு ஆட்டை அவளே எடுத்துக்கொண்டாள். நீல ஆடு எனக்கு. அந்த விதியை வீட்டில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

ஆட்டம் தொடங்கும் முன் டிவியின் சத்தத்தை முழுக்க நிறுத்தினேன்.

"ஏம்மா?"

"மலையிலிருந்து வண்டி வந்தாக் கேக்கோணும்."

என் காது ஜன்னலில்தான் இருந்தது. பஸ் கியர் மாற்றி இறங்கும் முனகலை நான் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பேன். எதுவும் வரவில்லை. மழை மட்டும்.

ஆனால் என் கட்டைவிரல்கள்! அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ரிமோட் கையில் வந்ததும் அவை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது பாறையில் கால் வைத்தால் இடியும் என்பது எனக்கு நினைவில்லை. விரல் தாவிவிட்டது, பின்னால் பாறை இடிந்தது. கழுகு வரும் இடத்துக்கு ஒரு தாவல் முன்னாலேயே விரல் நின்றது, கழுகு வந்து வெறுங்காற்றைக் கொத்திப் போயிற்று. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த விரல்களால் காய் நறுக்கியிருக்கிறேன், விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், இரண்டு குழந்தைகளுக்குச் சடை பின்னியிருக்கிறேன். அத்தனைக்கும் அடியில் ஒரு மலை முழுதாக, ஒரு கல்கூடக் குறையாமல் அப்படியே இருந்திருக்கிறது. மனம் நடுங்கிக்கொண்டிருந்தது. விரல் நடுங்கவில்லை. என் கையை நானே வேறொருவர் கைபோலப் பார்த்தேன்.

சின்னவள் முன்னால் போனாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நீல ஆடு திரையின் அடிவிளிம்பில் இருந்திருக்க வேண்டும். இல்லை. சிவப்பு ஆடு ஒரு பாறை மேல் நின்றுகொண்டிருந்தது. திரை நகரவில்லை.

"ஏன் நிக்கிற? கல்லு வருமல்ல?"

"நீங்க வாங்கம்மா. நான் நிக்கறேன்."

கல் உருண்டு வந்தது. அந்த இடத்திலேயே குதித்துத் தப்பித்தாள். மறுபடி நின்றாள். நான் ஏறி அவள் பக்கத்தில் வந்த பிறகுதான் அடுத்த பாறைக்குப் போனாள். இந்த ஆட்டத்தில் நிற்க முடியும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. எல்லாக் காலத்திலும் முடிந்திருக்கிறது. யாரும் நின்றதில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் கூப்பிட்டார். விசாரித்ததில் ஒன்றும் உறுதியாகத் தெரியவில்லை என்றார். குரலில் கேலி குறைந்திருந்தது. "எங்க இருக்கறீங்க?" என்று கேட்டார். கேட்டது ஆட்டத்தைப் பற்றி.

"பாதிக்கு மேலங்கண்ணா."

"நீ சாவுலியா?"

"இவ நிக்கறாளே. உங்கள மாதிரி இல்ல."

"செரி," என்றார். "நான் கெளம்பி வாரேன்."

அவர் கிளம்புகிறார் என்றால் விஷயம் பெரிது என்று பொருள். போனை வைத்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் சோபாவுக்கும் நடந்தேன். மழை நின்றிருந்தது. தெருவில் இன்னும் கரண்டு இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பள்ளிபாளையத்தில் வளர்ந்த எனக்கு அமைதி என்றால் ஏதோ நின்றுபோனது என்றுதான் பொருள்.

ஒவ்வொரு பாறைக்கும் சின்னவள் ஏதோ ஒரு பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். என்ன அது என்றேன்.

"சேவ் பண்றேன். நல்லா இருக்கறப்பவே பண்ணிக்கோணும். அப்பறம் என்ன ஆனாலும் இங்க வந்துரலாம்."

நான் நான்கு இருபதை நினைத்துக்கொண்டேன். சீட்டு கிடைத்துவிட்டது என்றாளே, அந்த இடத்தை.

மீண்டும் உட்கார்ந்தோம். உச்சிக்கு இரண்டு பாறைக்குக் கீழே வந்துவிட்டோம். இங்கேதான் எப்போதும் கரண்டு போகும். என் முதுகு தானாகவே விறைத்தது. இன்வெர்ட்டர் சீராக முனகிக்கொண்டிருந்தது. ஒன்றும் போகவில்லை. அவள் நின்றாள், நான் ஏறினேன். ஒரு பாறை. அவள் மறுபடி நின்றாள். நான் பக்கத்தில் போனேன். நான் பார்த்தே இராத இடத்துக்கு வந்துவிட்டேன். வானம் ஊதாவாக இருந்தது, நட்சத்திரங்கள் இருந்தன. யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் உட்கார்ந்து, எங்களுக்கு எட்டாத இடத்தில் அத்தனை நட்சத்திரங்களைப் போட்டு வைத்திருக்கிறார். மேலே ஒரே ஒரு பாறை, அதன் மேல் கொடி.

சின்னவள் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டாள்.

"அக்கா வந்தப்பறம் முடிக்கலாங்மா."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மாலையிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"செரி சாமி."

"கொஞ்சம் சத்தம் வெக்கட்டுங்களா? ரொம்ப அமைதியா இருக்குது. பயமா இருக்குது."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானே வைத்தேன்.

பாட்டு வந்தது.

அந்த ஆட்டத்துக்குப் பாட்டு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. ஆட்டம் ஓடினால் தறியும் ஓடும், தறி நின்றால் ஆட்டமும் இல்லை. ஆயுத பூஜைக்குத் தறிகள் நிற்கும். ஆனால் அன்று டிவி அப்பாவுக்கு. அந்த ஆடுகள் எனக்குக் கடைசிவரை ஊமை ஆடுகள். இப்போது சின்னச் சின்ன மணிகளை யாரோ வரிசையாகத் தட்டுவதுபோல, மேலே ஏறி, கொஞ்சம் தயங்கி, மறுபடி ஏறி ஒரு பாட்டு. இரண்டு ஆடுகளும் நட்சத்திரங்களுக்குக் கீழே அதற்கேற்றபடி மூச்சுவிட்டுக்கொண்டு நின்றன. நான் பன்னிரண்டு வயதில் செத்துச் செத்து விழுந்த ஒவ்வொரு மாலையும் இந்தப் பாட்டு பெட்டிக்குள் பாடிக்கொண்டே இருந்திருக்கிறது. சத்தத்தை இன்னும் கூட்டினேன். இன்னும். மலையைக் கேட்க வேண்டும் என்பதையே மறந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தேன். சின்னவள் என் தோளில் சாய்ந்திருந்தாள்.

பின்பக்கம் இரும்புக் கேட்டை யாரோ கல்லால் அடிக்கும் சத்தம் பாட்டுக்கு நடுவே வந்தது. சின்னவள்தான் முதலில் எழுந்து ஓடினாள்.

பின்கேட்டு ஊர்ப்பக்கம் பார்த்தது. அந்தத் திசையை நான் சாயங்காலம் முழுக்க ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை காத்து நின்ற ஆட்டோ ஒன்று வெளிச்சத்தைச் சுழற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. பாதி மலையில் பஸ்ஸைத் திருப்பி மறுபடி மேலே கொண்டுபோய், மலையின் மறுபக்கம் குப்பனூர் வழியாக இறக்கி டவுனில் விட்டிருக்கிறார்கள். போலீஸ்காரர் சொன்ன சுற்று அதுதான். மூத்தவள் தலை முதல் கால் வரை நனைந்து, செத்துப்போன போனை ஒரு கையிலும் கல்லை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் பூட்டைத் திறக்க முடியாமல் தடுமாறினேன். விரல்கள் இப்போதுதான் நடுங்கத் தொடங்கின. கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே அவள் கன்னத்தைத் தொட்டேன்.

"எவ்வளவு நேரமாக் கத்தறேன்?" என்றாள். "உங்க ரெண்டு பேருக்கும் காது கேக்காதாம்மா?"