பொலிவியாவில் சீட் பிடித்தது

காரைச் சர்வீஸுக்கு விட்டிருந்ததால் நேற்று, நான் குடியேறிய வெளிநாட்டு ஊரான டண்டினொங்கில் பஸ்ஸுக்கு நின்றேன். ஏழு பேர் வரிசையாக நின்றோம். பஸ் வந்தும் ஒருவர்கூட முண்டியடிக்கவில்லை. என் கை மட்டும் தானாகக் கைக்குட்டையைத் தேடியது. ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து சீட் பிடித்தே வளர்ந்த ஜென்மம், என்ன செய்ய, சொல்லுங்கள். இந்த ஊர் பஸ்ஸில் ஜன்னல் திறக்காது என்பது வேறு விஷயம்.

இதே கைதான் பொலிவியாவில் என் மானத்தை வாங்கியது. பல வருஷங்களுக்கு முன், இங்கே ஒரு சரக்குக் கிடங்கில் என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து யோகனும் நானும் லீவு போட்டுப் போயிருந்தோம். லா பாஸிலிருந்து கோபகபானாவுக்கு மினிபஸ். நடுவில் ஏரி குறுக்கிடும். நாம் இறங்கிப் படகில் போகவேண்டும். பஸ் தனியாக ஒரு மரத் தெப்பத்தில் ஆடி ஆடி வரும்.

அக்கரையில் நின்றபோது எனக்கு ஒரே கவலை. இறங்கியாயிற்று, இனி அந்தச் சீட் நம்முடையதா? எங்களுக்குத் தெரிந்த ஸ்பானிய மொழி சாப்பாட்டுக் கடையோடு சரி. வெள்ளை மினிபஸ் ஒன்று தெப்பத்திலிருந்து இறங்கியது. கைக்குட்டை காற்றில் பறந்துவிடும் என்று, புத்திசாலித்தனமாகத் தோள்பையையே உள்ளே எறிந்தேன். பஸ் நிற்காமல் மேட்டில் ஏறியது. அந்த உயரத்தில் பத்தடி ஓடினாலே மூச்சு வாங்கும். நான் போய்ச் சேருமுன் அது தன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்கள் பஸ் அப்போதுதான் ஏரி நடுவில் வந்துகொண்டிருந்தது.

பையில் பாஸ்போர்ட். இரண்டு நாளில் விமானம். திங்கட்கிழமை வராவிட்டால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லியே அனுப்பியிருந்தார். வழியெல்லாம் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

கோபகபானாவில் அந்த பஸ் நின்றிருந்தது. வாசலில் வட்டத் தொப்பி வைத்த ஓர் அம்மா, முதுகில் துணியால் கட்டிய குழந்தையோடு, என் பையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பையைத் தந்து ஏதோ சொன்னார். யோகன் ஓட்டுநரிடம் சைகையில் விசாரித்து வந்தான்.

"ஆரோ ஆள் வரும் எண்டு ஒருத்தரும் அந்தச் சீட்டில இருக்கேல்லையாம். இவ பிள்ளையோட நிண்டுகொண்டு வந்தவ. உன்ர பை இருந்துகொண்டு வந்தது."

அந்த அம்மா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்போது யோகனுக்கும் எனக்கும் ஆளுக்கொரு கார். இங்கே பக்கத்தில் கேரம் டவுன்ஸ் கோவிலில் எதிர்ப்பட்டால், பார்க்கிங் கிடைத்ததா என்று கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் இன்னொருவருக்காக எழுந்து நின்று வருஷக்கணக்காகிறது.