அவள் லேப்டாப் மட்டும் சத்தம் போடவில்லை

தண்டையார்பேட்டையில் ஒரு சரக்குக் கிடங்கின் மாடியில் எங்கள் ஆபீஸ். கப்பலில் வந்த கன்டெய்னர்களின் விவரங்களைப் பதிவது வேலை. பக்கத்து நாற்காலியில் காத்திவாக்கத்துக்காரி, என் வயதுதான். இருவருக்கும் ஒரே மாதிரி பழைய லேப்டாப் கொடுத்தார்கள், இரண்டிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். ஆனால் என்னுடையதில் ஹார்டு டிஸ்க் ஓயாமல் கரகரக்கும். நான் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது எதையோ எழுதிக்கொண்டிருக்கும். அவளுடையதில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கரண்டு போனால் என் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். அவள் மட்டும் தட்டிக்கொண்டே இருப்பாள். மேனேஜர் அவள் பின்னால் நின்று, "பார், இது வேலை" என்பார். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இன்னாடி பண்ண அதுல?"

"ஒண்ணுமில்லடி. வேணாத வேலையெல்லாம் நிறுத்திட்டேன், அது பாட்டுக்கு கெடக்குது. உனக்கும் பண்ணித் தரவா?"

அந்தத் 'தரவா'தான் என்னைச் சுட்டது. "வேணாம், நானே பாத்துக்கறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, ராயபுரம் சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். எந்தக் கோப்பைத் திறந்தாலும் திறந்த நேரத்தை டிஸ்க்கில் குறித்துவைக்கும் வழக்கத்தை நிறுத்தினேன். கோப்புகளையெல்லாம் துழாவி அட்டவணை போடும் நிரலை நீக்கினேன். பிரவுசர் சேர்க்கும் குப்பையை டிஸ்க்குக்குப் பதில் மெமரியில் போடவைத்தேன். சத்தம் பாதிக்கு மேல் அடங்கியது. ஆனால் அவளுடையதைவிட அடங்கவேண்டும் எனக்கு. எழுதவேண்டியதை மெமரியிலேயே தேக்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் டிஸ்க்கில் எழுதும்படி மாற்றினேன். கன்டெய்னர் விவரம் பதியும் ஸ்ப்ரெட்ஷீட் தானாகச் சேமித்துக்கொள்ளும் வசதியையும் அணைத்தேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளைவரை பொறுத்திருந்தேன். பிறகு சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கி அவள் காதருகே பிடித்தேன்.

"கேளு, எதுனா சத்தம் வருதா?"

தூக்கிய வேகத்தில் அடியிலிருந்த பேட்டரி கழன்று தரையில் விழுந்தது. திரை கறுத்தது. மறுபடி இயக்கிப் பார்த்தால், காலையிலிருந்து பதிந்த கன்டெய்னர் ஒன்றுகூட இல்லை. நானும் ஒருமுறைகூடச் சேமித்திருக்கவில்லை.

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவளோ டிபன் பாக்ஸை மூடிவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டாள்.

"பேஜார் ஆவாத. நீ படி, நான் அடிக்கிறேன்."

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் திரும்பப் பதிந்தோம். பிறகு நான் கடைசியாக மாற்றிய இரண்டையும் பழையபடி ஆக்கினாள். "இத்த மட்டும் தொடாத. எழுத வேண்டியத அது எழுதித்தான் ஆவணும்" என்றாள்.

அடுத்த வாரம் கரண்டு போனபோது என் பேட்டரியும் தாங்கியது. மேனேஜருக்கு ஆச்சரியம். "ரெண்டும் எப்படி நிக்குது?" என்றார்.

"நாங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணோம் சார்" என்றாள் அவள்.

அவள் கிள்ளிக்கொடுத்த அந்தப் புகழ், அதுவரை எரிந்ததையெல்லாம்விட அதிகமாக எரிந்தது. "இல்ல சார், அவதான் சரி பண்ணா" என்றேன், சற்று உரக்கவே.

மேனேஜர் ஆபீசிலுள்ள எல்லா லேப்டாப்பையும் அவள் தலையில் கட்டினார். "இன்னாடி, இப்டி மாட்டி வுட்டுட்ட!" என்று அவள் என் தொடையைக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மாலையில் அவள் மேசையைச் சுற்றி ஆள்கள் கூடி நின்றதும், மறுபடியும் எரிய ஆரம்பித்தது.