சாயங்காலம் கூப்பிட்ட தங்கச்சி

கருணாகரனைக் கட்டிக்கொண்ட நாளோடு தங்கபாயிடம் அவளுடைய அண்ணன் வேதமணி பேச்சை விட்டுவிட்டான். கிறிஸ்தவக் குடும்பத்தை விட்டு வேறு மதத்துக்காரனோடு போனவள் எனக்குத் தங்கச்சி இல்லை என்றான். காஞ்சிரங்குளத்தில் அவனுக்கு இரும்புச் சாமான் கடை. ஒருமுறை கைக்குழந்தையோடு போய் நின்றாள். அவன் கடையை விட்டு வெளியே வரவில்லை. அண்ணி சத்தியபாய்தான் ரோடு வரை வந்து, "இப்பம் வேண்டாம் மக்கா, போ" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு தங்கபாய் போகவில்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலையில், ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு டெலிபோன் பூத்தில் அவளுக்கு வேலை. யாராவது காஞ்சிரங்குளத்து நம்பரைக் கேட்டால் போதும், அவள் முகம் மாறிவிடும்.

தொண்ணூற்றேழில், திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஸ்வப்னா என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். பீடியை விட நினைக்கிறவர்களை ஒரு கம்ப்யூட்டர் தினமும் சாயங்காலம் போனில் கூப்பிட்டு விசாரிக்கும். பட்டனை அமுக்கிப் பதில் சொன்னால், அதற்கேற்றபடி தைரியம் சொல்லும். ஒரு மெஷின் அக்கறையாகக் கேட்டால் மனுஷன் பழக்கத்தை மாற்றிக்கொள்வானா என்பதுதான் அந்தக் குழுவின் ஆராய்ச்சி. முதலில் ரேடியோவில் பேசுகிறவர்களின் குரலைப் பதிந்து பார்த்தார்கள். அது தங்கள் பேச்சாக இல்லாததால் எல்லையோரத்து ஆட்கள் பாதியிலேயே ரிசீவரை வைத்துவிட்டார்கள்.

பூத்தில் பதறிக்கொண்டு நின்ற ஒரு கிழவரிடம் தங்கபாய் ஆறுதலாகப் பேசியதைக் கேட்டு, "சேச்சி, இந்தச் சத்தம் போதும் எங்களுக்கு" என்றாள் ஸ்வப்னா.

தங்கபாய் வெட்கப்பட்டுக்கொண்டே பேசிக் கொடுத்தாள். "இன்னைக்கு பீடி வலிச்சியளா? இல்லேண்ணா ஒண்ணை அமுக்குங்க." "நல்ல காரியம்." "வலிச்சிட்டியளா? சாரமில்ல, மனசு விடாதீங்க."

சில மாதங்கள் அந்தக் குரல் வீடு வீடாகப் போயிற்று. எந்தெந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது. முடிந்ததும் ஆட்களை நேரில் பார்த்துப் பேச வைத்து கேசட்டில் பதிந்தார்கள். அந்தப் பேச்சு கல்லூரிக்காரர்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கேட்டு எழுதித் தரச் சொல்லி தங்கபாயிடமே கொடுத்தார்கள். கேசட்டுகளின் மேல் பெயர் கிடையாது.

ஒரு கேசட் இருமலோடு தொடங்கியது. பேச்சு வருவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பீடியை விட்டுட்டேன்" என்றான் வேதமணி.

"மெஷின் உதவி செய்ததா?" என்று கேட்டது கல்லூரிக்காரர் ஒருவரின் குரல்.

"மெஷினா? அது எனக்க தங்கச்சியாக்கும். முத நாளே தெரிஞ்சு. வலிக்கல்லேண்ணா 'நல்ல காரியம்'ணு சொல்லுவா. அதைக் கேக்கதுக்காக வலிக்காம கிடந்தேன்." மறுபடி இருமல். "ஒரு நாள், 'சுகமா இருக்கியா மக்கா'ண்ணு கேட்டுப் பாத்தேன். 'ஒண்ணை அமுக்குங்க'ண்ணு சொல்லுகா."

தங்கபாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் கேட்ட நேரத்தில் அவள் இந்த பூத்தில்தான், யாருக்கோ நம்பர் போட்டுக்கொண்டு இருந்திருப்பாள்.

விஷயம் தெரிந்து ஸ்வப்னா பதறிப்போனாள். அவனைக் கேட்காமல் அவன் பேச்சைத் தங்கையிடம் கொடுத்துவிட்டோமே என்று காஞ்சிரங்குளத்துக்கு நேரே போய் நடந்ததைச் சொன்னாள். அவன் தராசுத் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "வாறதுண்ணா வரட்டு" என்றானாம்.

தங்கபாய் போனாள். அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். போனில் தினமும் வந்த பேச்சு நேரில் இருவருக்கும் வரவில்லை.

"பிள்ள என்ன படிக்கா?"

"நாலாம் கிளாஸ்."

சத்தியபாய் சோறு போட்டாள். புறப்படும்போது தங்கபாய், "அண்ணா, ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வா. அவரும் சொன்னாரு" என்றாள்.

அவன் கம்பிக் கட்டுகளின் பக்கம் திரும்பி, "பாப்போம்" என்றான்.

பிறகு அவள் அடிக்கடி போய்வந்தாள். மகளையும் கூட்டிப் போனாள். வேதமணி பீடியைத் தொடவே இல்லை. மருமகளுக்கு பேனாவும் பாவாடைத் துணியும் வாங்கிக் கொடுத்தான். ஆனால் தங்கபாயின் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

"இப்பம்தான் பேசுகானே, அது போதாதா?" என்பான் கருணாகரன்.

போதும் என்றுதான் அவளும் சொல்வாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து ஆட்கள் வருகிற நேரத்தில், வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு, அண்ணனோ என்று எழுந்து போய்ப் பார்ப்பாள்.