முதலில் பிரியாணி, பிறகுதான் கிளாஸ்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வெங்காய மூட்டை தூக்கினேன். அப்புறம் அதே தெருவில் வெங்காய மண்டி வைத்தேன். 'உனக்கெதுக்குய்யா லாரி' என்றவர்களின் வீட்டு வாசல் வழியாகவே லாரி விட்டேன். வெறும் பாறை என்று எல்லோரும் கைகழுவிய இடத்தில், தாடிக்கொம்பு ரோட்டில் கல்யாண மண்டபம் கட்டினேன்.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய காரியத்தைப் போன மாதம்தான் முடித்தேன். என் சம்பந்தியை வாந்தி எடுக்காமல் பார்த்துக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள்.

என் மகள் கல்யாணம். சம்பந்தி நெய்க்காரப்பட்டிக்காரர். தங்கமான மனிதர். ஆனால் அவருடைய மூத்த மகன் கல்யாணத்தில், முதல் நாள் ராத்திரி குடித்ததில் முகூர்த்த நேரம் முழுக்க பாத்ரூமிலேயே இருந்தார். மேடையில் நின்றது அவர் தம்பி. அந்தப் பெண் வீட்டார் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

என் மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பா, மேடையில மாமனார் நிக்கணும். அவர் படுத்துக் கிடந்தா நான் மேடை ஏற மாட்டேன்."

குடிக்காதீர்கள் என்று சம்பந்தியிடம் சொல்லலாமா? பெண்ணைக் கொடுப்பவன் சொல்கிற வார்த்தையா அது?

உட்கார்ந்து யோசித்தேன். நம்ம திண்டுக்கல்லில் விருந்துக்கு வருகிறவன் ஏன் வாந்தி எடுக்கிறான்? சரக்கா காரணம்? இல்லை... பிரியாணி! ராத்திரி பிரியாணி என்றால் மத்தியானமே பட்டினி கிடக்கிறான். வயிற்றில் இடம் வைக்கிறானாம். அந்தக் காலி வயிற்றில் சரக்கை ஊற்றுகிறான். பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்து தம் உடைக்கிற நேரத்தில் ஆளே உடைந்து கிடக்கிறான்.

மண்டபத்துக்குள் கறி கிடையாது. பின்னால் தோப்பில் உண்டு. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே தம்மை உடைக்கச் சொன்னேன். என் மனைவியின் தம்பி பதறிவிட்டான்.

"என்ன மாமா, பொழுதே சாயல... இம்புட்டுச் சீக்கிரம் பிரியாணியா? வந்தவுக என்ன நெனைப்பாக?"

"ஏலே, செத்த நேரம் சும்மா இரு."

சம்பந்தியும் இலையைப் பார்த்துத் தயங்கினார். "ஏனுங்க, மொதல்ல அதை ஆரம்பிச்சுட்டு... அப்புறமாச் சாப்டுக்கலாமுங்களே?"

"எங்க ஊர்ல சம்பந்திக்கு மொதல்ல இலைதாங்க. அப்புறந்தான் கிளாஸு. மாத்துனா மரியாதை இல்லீங்க."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அன்றைக்குத்தான் ஏற்படுத்தினேன்.

மரியாதை என்றதும் மனிதர் மறுப்பே சொல்லவில்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கிளாஸ். ஒரே ரகம் – மாற்றிக் கலக்க விடவில்லை. ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர். அதுவும் வழக்கம்தான் என்றேன். மூன்றாவதைக் கையில் எடுத்தார்... பார்த்தார்... வைத்துவிட்டார்.

"வயித்துல எடமில்லீங்க சம்பந்தி."

"எங்கண்ணன் வாயில இந்தப் பேச்சை இப்பத்தானுங்க கேக்கறேன்," என்றார் அவர் தம்பி.

விடிகாலை முகூர்த்தம். முதல் ஆளாகக் குளித்து, பட்டு வேட்டி கட்டி மேடையில் நின்றார் சம்பந்தி. அவரைப் பார்த்த பிறகுதான் என் மகள் படியில் கால் வைத்தாள்.

தாலி கட்டி முடிந்ததும் வந்தவர்களிடம் சம்பந்தி சொல்கிறார்: "ராத்திரி சரியான கச்சேரிங்க. ஆனா பாருங்க, கல்லாட்டம் நிக்கறேன். எங்க பரம்பரைக்கே தாங்குற ஒடம்புங்க!"

பரம்பரையாம்!

போன வாரம் கல்யாண சிடி வந்தது. கடைசியில் நன்றி போட்டிருக்கிறார்கள் – சமையல் மாஸ்டருக்கு, மேளக்காரருக்கு, ஜெனரேட்டர் ஓட்டியவருக்குக்கூட. நான் எங்கே?

வீடியோக்காரத் தம்பி, இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். 'மாப்பிள்ளையின் தகப்பனாரை மேடையில் நிற்க வைத்தவர் – பெண்ணின் தகப்பனார்.'

எழுத்து நெய்க்காரப்பட்டி வரைக்கும் தெரியட்டும்.