கழுவ முடியாத கரடி

எங்கள் அலுவலகத்திலிருந்து உதவி செய்ய வந்தவர்களை நான் வார்டை விட்டு வெளியே போகச் சொன்னேன். அதற்காக இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் எண்ணமும் இல்லை.

என் மகளுக்கு ஏழு வயது. இரத்தத்தில் நோய். மருந்து ஏற்றியதில் அவளுடைய வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கியிருந்தன. வெள்ளிக்கிழமை வரை காய்ச்சல் வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்னார். வந்தால் என்னவென்று சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, முந்தின கிழமை பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல்தான் முதலில் வந்தது. நான் மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

நான் வேலை செய்வது கண்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளையில். வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து ஏதாவது தொண்டு செய்ய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. போன வருடம் ஆற்றங்கரையில் குப்பை பொறுக்கினோம். இந்த வருடம், நான் வார்டில் கிடந்ததால், அங்குள்ள தாய்மாருக்கு உதவுவதாக முடிவெடுத்தார்கள். என்ன தேவை என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். கட்டில் ஓரத்தில் இருந்தபடி எழுதினேன்: துவாய், சவர்க்காரம், சுடுதண்ணிப் போத்தல், பால்மா. பஞ்சுப் பொம்மை வேண்டவே வேண்டாம், கழுவ முடியாத எதுவும் ஆகாது. தடிமன், இருமல் உள்ளவர்கள் வர வேண்டாம். ஒன்பது பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள்.

புதன்கிழமை பின்னேரம் மஞ்சள் டீசேர்ட் போட்டுக்கொண்டு, பால்மாவும் சவர்க்காரமும் கட்டிய பொதிகளோடு வந்தார்கள். முன்னால் எங்கள் உதவி முகாமையாளர். அவர் கையில் என் மகள் உயரத்துக்கு ஒரு பஞ்சுக் கரடி.

"எங்க நம்ம தங்கப் புள்ள? ஆன்ட்டி என்ன கொண்டாந்திருக்கேன் பாருங்க!"

படத்துக்காக முகக்கவசத்தை நாடிக்கு இறக்கியிருந்தார். மகள் சிரித்தாள். ஒன்பது நாளில் அதுதான் முதல் சிரிப்பு. கரடியின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் பக்கமாகக் குனிந்து, இருமினார்.

நான் பறித்தேன். ஊசி குத்தியிருந்த கை என்றுகூடப் பார்க்கவில்லை. மகள் வீரிட்டாள்.

"என்னங்க இது? புள்ள எவ்வளவு ஆசையா வச்சிருந்திச்சி!" என்றார் அவர்.

"எழுதித்தானே அனுப்பினேன் மேடம். பஞ்சுப் பொம்ம வேணாம், தடிமனோட வராதீங்கன்னு."

"இது தடிமன் இல்லம்மா, பஸ் தூசி. ஹெட் ஆபீசுக்கு ஒரு படம் அனுப்பணும். சவர்க்காரத்தப் புடிச்சிக்கிட்டு நின்னா பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"அப்ப நீங்களே கரடியக் கட்டிப்புடிச்சி நில்லுங்க. உங்களுக்கு நல்லாவே இருக்கும். என் புள்ளய விட்டுட்டு எல்லாரும் வெளிய போங்க!"

சத்தம் கேட்டு வந்த தாதி சிங்களத்தில் அவர்களை விரட்டினார். அதற்குள் நாலு கட்டிலுக்குத்தான் பொதி கிடைத்திருந்தது. மிச்சத்தை வைத்துவிட்டுப் போகலாமே என்று அவர்களில் ஒருவர் சொன்னார். "படம் இல்லாம குடுத்ததா எப்பிடிக் காட்டுறது?" என்று கேட்டார் மேடம். பொதிகளும் கரடியும் அவர்களோடு படியிறங்கிப் போயின.

எதிர்க் கட்டில் தாய் கட்டுகஸ்தோட்டைக்காரர். அவர் மகனுக்கும் பொதி கிடைக்கவில்லை.

"நீங்க ஆபீஸ்ல இருக்கிறவங்க அக்கா. பால்மா வாங்க உங்களுக்கு ஏலும். எங்களுக்கு வந்ததயும் சேத்து விரட்டிட்டீங்களே."

மறுநாள் ஒரு பால்மாப் பெட்டி வாங்கி நீட்டினேன். "வையுங்க" என்றார். தொடவில்லை. அடுத்த நாள் காலையிலும் அது வைத்த இடத்திலேயே இருந்தது.

நெற்றியில் கை வைத்தால் மகள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, காய்ச்சல் வரவில்லை. கடுகண்ணாவையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் அவள் சொன்னது ஒன்றுதான்: "அம்மா என் கரடியப் பறிச்சிட்டாங்க." கரடி இருந்திருந்தால் காய்ச்சல் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒருவராலும் சொல்ல முடியாது. வந்துவிடும் என்று நினைத்த அந்த இரண்டு நாள் மட்டும் என் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது கரடி மேடத்தின் அலுமாரிக்கு மேல் இருந்தது. அறிவித்தல் பலகையில் நாலு தாய்மாரின் படங்கள். நான் இரண்டையும் பார்க்காமல் என் கதிரைக்குப் போய்விடுவேன்.

இப்போதும் நான் புறங்கையை நீட்டினால் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பட்டும். அதற்குள் தொட்டுவிடுகிறேன். நெற்றி சுடவில்லை.