எல்லாரும் இறங்க வேண்டிய இடம்

போன ஆடியில் சாரல் நன்றாக இருந்தது. ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் எங்கள் கார் நின்றபோது, பக்கத்தில் நின்ற பெரிய வண்டிக்கு அடியில் ஓர் இளைஞன் மல்லாந்து படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். காட்டுப் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டியாம். என் வயதில் ஒருத்தி இறங்கி வந்து குனிந்து பார்ப்பது அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். அவனாகவே சொன்னான்:

“சைலன்சருக்குக் காப்புத் தகடு பாட்டி, கார்டும்பாங்க. கல்லுல ஏறி இறங்கும்போது சைலன்சர் அடிபடக் கூடாதுல்ல?”

“அடிபட்டா என்ன ஆகும்?”

“சத்தம் வரும். வேற என்ன?”

ஆமாம், வேறென்ன என்று நானும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எண்பதைத் தாண்டியவள் சைலன்சரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளைக்கூட இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்தபின் விட்டுவிட்டேன். ஆனால் ஜீப்பின் அடிப்பாகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் மிட்வைஃப் வேலை பார்த்தேன். ஊரில் எல்லாருக்கும் நான் நர்ஸம்மா. எங்களுக்கு ஒரு ஜீப் உண்டு. அதன் டிரைவர் மைதீன் அண்ணன், அச்சன்புதூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அந்த ஜீப்பில் ஏறினால் பெட்ரோல் வாசனை, ஈரக் கித்தான் படுதா வாசனை, என் பையிலிருந்து வரும் மருந்து வாசனை எல்லாம் கலந்து அடிக்கும். அந்த வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும். ஏனென்று கேட்காதீர்கள். மைதீன் அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவருகிற இடியாப்பத்தை அதில் உட்கார்ந்துதான் தின்போம்.

“வண்டியில எல்லாம் கெட்டிதான் நர்ஸம்மா. இந்தச் சைலன்சர் ஒண்ணுதான் நோஞ்சான்” என்பார். தார் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தி, சைலன்சருக்குக் கீழே தகடாகப் போல்ட் போட்டு மாட்டியிருந்தார். எங்கேயாவது கல்லுப்பாதையில் போய்வந்தால் சாக்கை விரித்து அடியில் படுத்து, ஸ்பேனரால் தட்டித் தட்டிக் கேட்பார். நான் பிரசவத்துக்கு முன்னால் வயிற்றில் காது வைத்துக் கேட்பதை அவர் கேலி செய்வார். இதைப் பார்த்து நான் கேலி செய்வேன்.

மேற்கே மலையடியில் தோப்புக் காவல்காரர்களும் கூலிக்காரர்களும் இருந்த ஒரு குடியிருப்பு உண்டு. இருபது வீடு இருக்கும். அங்கே போகிற வழியில் ஓர் ஓடை, ஓடைக்கு நடுவில் வழுக்குப்பாறை. ஆள் பாரத்தோடு போனால் ஜீப்பின் அடி பாறையில் உட்கார்ந்துவிடும். தகடு மேலெழுந்தவாரியான உரசலைத்தான் தாங்கும். அதனால் ஓடைக்கு இந்தப் பக்கமே மைதீன் அண்ணன் வண்டியை நிறுத்திவிடுவார்.

“எல்லாரும் எறங்குங்க. அங்கன போயி ஏறிக்கலாம்.”

யாருக்கும் விலக்குக் கிடையாது. ஒரு தடவை ஆய்வுக்கு வந்த பெரிய டாக்டரும் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நடந்தார். ஜீப்பு எதுக்கு, நடக்கவா என்று நான் முணுமுணுப்பேன். அவர் காதில் வாங்கமாட்டார்.

ஓர் ஆடி மாதம் அந்தக் குடியிருப்பிலிருந்து ஆள் வந்தது. முத்தையா என்கிற காவல்காரரின் மனைவிக்குத் தலைப்பிரசவம். நாங்கள் போய்ச் சேர்ந்து, மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் உதிரம் கொஞ்சம் அதிகமாகப் போனது. ஊசி போட்டு நின்றது. இருந்தாலும் அவள் வெளுத்திருந்தாள். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் நல்லது என்று முடிவு செய்தேன். இன்று யோசித்தாலும் அந்த முடிவு சரிதான்.

சாரல் விடாமல் அடித்தது. பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் படக் கூடாது. ஜீப்பின் பின்னால் மெத்தை போட்டுப் படுக்கவைத்து, பக்கத்தில் முத்தையாவை உட்கார்த்தி, சுற்றிலும் கித்தானை இறக்கி இழுத்துக் கட்டச் சொன்னேன். எங்கள் இருக்கைக்குப் பின்னால் ஒரு கம்பளியைத் திரையாக நானே கட்டினேன். குழந்தை முன்னால் என் மடியில். மைதீன் அண்ணன் பக்கம் மட்டும் எப்போதும்போல் திறந்திருந்தது.

ஓடை வந்தது. அவர் நிறுத்தினார்.

“மெத்தையோட தூக்கி அக்கரையில வச்சிருவோம்மா. தோப்புல நாலு ஆளைக் கூப்பிடுதேன். அரை மணி நேரம்.”

“மழையில நனைஞ்சா ஜன்னி வந்துரும். தூக்கி அசைச்சா மறுபடி உதிரம் போவும். அப்படியே ஓட்டுங்கண்ணே.”

“அடி தட்டும்மா.”

“தட்டினா தட்டட்டும். வண்டி பெருசா, ஆளு பெருசா?”

அவர் கியரைப் போட்டு ஓட்டினார். பாறையில் ஏறி இறங்கும்போது ‘கர்ரக்’ என்று ஒரு சத்தம். அக்கரையில் இறங்கி, ஈரத்தில் படுத்துப் பார்த்தார். தகடு பிய்ந்து, புகைக்குழாய் சைலன்சரோடு சேருகிற இடத்தில் பிளந்திருந்தது. சாக்கை ஓடையில் நனைத்து அதில் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கினார். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சாக்கு கருகுகிற வாடை வந்தது. ஜீப் பெரிதாகச் சத்தம் போட்டது.

மெதுவாகத்தான் வந்தோம். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். பாதி வழியில் கம்பளிக்குப் பின்னாலிருந்து முத்தையாவின் குரல்:

“நர்ஸம்மா, தலை சுத்துது. வாந்தி வருது.”

அவர் அதற்குமுன் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. நானும் மைதீன் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

“மொத தடவைல்லா? அப்படித்தான் இருக்கும். பின்னால படுதாவை வெலக்கித் தலையை வெளிய நீட்டிக்கிடுங்க” என்றேன். “அவ எப்படி இருக்கா?”

“நல்லாத் தூங்குதா.”

இத்தனை சத்தத்திலும் தூங்குகிறாளே, நல்லது என்று நினைத்தேன். எனக்கும் லேசாகத் தலை வலித்தது. காலையிலிருந்து சாப்பிடாததால் என்று வைத்துக்கொண்டேன். கம்பளியை விலக்கி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கும்போது உயிர் இல்லை.

உதிரப்போக்கால் இறந்ததாக எழுதினார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். முத்தையா கீழே உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டே அழுதார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. குழந்தையைத் துடைத்தேன், எடை பார்த்தேன், பால் கரைத்துக் கொடுத்தேன். அறைக்குப் போய்க் கோதுமை உப்புமா தின்றேன். நன்றாகத் தூங்கினேன். இரண்டு நாளில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஊசி போட்ட இடம் மரத்துப்போவதுபோல் மரத்துப்போனது, அப்படியே நின்றுவிட்டது.

நாற்பதாம் நாள் முத்தையா ஒரு வாழைத்தாரோடு வந்தார். “நீங்க இல்லேன்னா பிள்ளையும் போயிருக்கும்மா” என்றார். குழந்தைக்கு என் பெயரையே வைத்திருந்தார்கள். சந்தோஷம் என்றேன்.

மைதீன் அண்ணன் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. ஆனால் புதுச் சைலன்சர் மாட்டிய அன்றே ஜீப்பின் கித்தானைக் கழற்றிவிட்டார். கிழிந்துவிட்டது என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தார். அது கிழியவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் சாரலில் நனைந்துகொண்டேதான் போனோம். ஏனென்று நான் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்து மதுரையில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. மூடிய வண்டிக்குள் எஞ்சின் புகை கசிந்தால் என்ன ஆகும் என்று ஒரு டாக்டர் பாடம் எடுத்தார். தலைவலி, தலைசுற்றல், வாந்தி, தூக்கம். ரத்தம் குறைந்தவர்களை முதலில் கொண்டுபோகும் என்றார். வரிசை மாறாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுத்துக் கோணக்கூட இல்லை. அவள் உதிரப்போக்கால் செத்தாளா, புகையால் செத்தாளா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. முத்தையாவிடம் சொல்லவேண்டும் என்று ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பழைய நன்றியை மறுபடி ஆரம்பித்தார். காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இப்போது அந்த ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது. பாறையை வெடிவைத்து எடுத்துவிட்டார்கள். குடியிருப்பு இருந்த இடத்தில் தங்கும் விடுதி. ஜீப் எந்தக் காலத்திலோ ஏலத்தில் போயிற்று. மைதீன் அண்ணன் காலமாகி இருபது வருஷம் ஆகிறது. முத்தையா போன வருஷம் போனார்.

போன மாதம் அவர் மகள் போன் செய்தாள். அவளுக்கே அறுபது வயது. என் பெயரைத்தான் சொன்னாள். ஒரு நொடி எனக்குக் குழப்பமாக இருந்தது.

“எங்கம்மா எப்படி இருப்பாங்க நர்ஸம்மா? ஒரு போட்டோகூடக் கெடையாது. அப்பா இருந்தவரைக்கும் அவங்ககிட்ட கேப்பேன். இனிம பாத்தவங்கன்னு நீங்க ஒரு ஆளுதான் இருக்கிய.”

யோசித்தேன். பாறையின் ஓரத்தில் இருந்த பாசி நினைவுக்கு வந்தது. மைதீன் அண்ணன் கம்பியை எத்தனை முறுக்கு முறுக்கினார் என்பது வந்தது. காலையிலிருந்து மதியம்வரை அவள் பக்கத்திலேயே இருந்தேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வரவில்லை.

“அப்படியே உன்னை மாதிரிதாம்மா இருப்பா” என்றேன்.

அவள் அழுதாள். எனக்கு நன்றி சொல்லிச் சொல்லி அழுதாள்.