சிகரம் வராத உலோகம்

பஞ்சு அடைத்த டிபன் பாக்ஸ் ஒன்று இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கடலூர் பேருந்தில் வந்திறங்கும் கல்லூரி ஆசிரியை ஒருவர், மதியச் சாப்பாட்டைத் துணிப்பையில் திணித்துவிட்டு, அந்தப் பாக்ஸை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வருவார். உள்ளே, பஞ்சுக்கு நடுவில், மெல்லிய உலோக நாடாக்கள். சிதம்பரத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்த ஆய்வுக்கூடத்தில் எந்தப் பொருளும் பதிவில்லாமல் உள்ளே வரக்கூடாது. டிபன் பாக்ஸைப் பற்றி விதி எதுவும் சொல்லாததால் அனுமதித்தேன்.

எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர்; நாற்பதைக் கடந்தபின் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். உருகிய உலோகத்தை வேகமாகச் சுழலும் செப்புச் சக்கரத்தின்மேல் பாய்ச்சினால், அணுக்கள் வரிசைக்கு வர நேரமின்றி நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். அப்படி உறைந்து நாடாவாக வரும் உலோகக் கண்ணாடிதான் அவருடைய ஆராய்ச்சி. "தீபாவளிக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கிற கூட்டம் அப்படியே உறைஞ்சா எப்படி சார் இருக்கும்? வரிசை இருக்காது. ஆனா குடும்பம் குடும்பமாத்தான நிப்பாங்க? யாரு பக்கத்துல யாருன்னுதான் நான் தேடுறேன்" என்று ஒருமுறை விளக்கினார். எங்கள் கோப்பு அறையை நினைத்துக்கொண்டேன், உடனே விளங்கியது.

எக்ஸ்-கதிர் கருவியை இயக்கிய ஆபரேட்டர் நல்ல மனிதர். எங்கள் சிக்கல்களில் பாதி அதனால் வந்தவை. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் வரைபடத்தில் கூரிய சிகரங்கள் எழும். யாருடைய மாதிரிப் பொடிக்காவது சிகரம் மங்கலாக வந்தால், கேட்காமலே மின் உலையில் சூடேற்றிச் சீராக்கிக் கொடுப்பது அவர் வழக்கம். மாணவர்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

டீச்சரின் பதிவுக்காலம் முடியச் சில மாதங்களே இருந்தன. கையிலிருந்த கடைசி நாடாக்களை ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு, தேர்வுப் பணிக்காகக் கடலூர் போய்விட்டார். திரும்பி வந்தவர் முன் ஆபரேட்டர் வரைபடத்தைப் பெருமையாக விரித்தார்.

"பாருங்க டீச்சர். மொதல்ல ஒண்ணுமே வரல, சும்மா ஒரு மேடு. இப்ப எப்படி நிக்குது, கோபுரமாட்டம்!"

"எல்லாத்தையும் சூடு பண்ணிட்டீங்களாண்ணே?"

"ஒண்ணு விடல."

டீச்சர் அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். சூடு பட்ட அணுக்கள் வரிசையில் நின்றுவிட்டன. ஆராய வேண்டிய கண்ணாடி இனி இல்லை. அவர் அதை விளக்க விளக்க ஆபரேட்டரின் முகம் வற்றியது. நான் குறிப்பாணை என்று ஆரம்பித்தேன்.

"மெமோல்லாம் வேணாம் சார். எனக்கு அந்த மேடுதான் வேணும்னு நான் அண்ணன்கிட்ட சொல்லவே இல்லியே."

புகார் இல்லாமல் குறிப்பாணை கிடையாது. அந்த விதியை அன்றுதான் முதன்முறையாக ரசித்தேன். கால நீட்டிப்பு எந்த மேசையில் தூங்கும், எப்படி எழுப்ப வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி, வாங்கிக் கொடுத்தேன். ஆனால் நாடாக்களைச் செய்து கொடுத்திருந்த வெளியூர் ஆய்வகம் மறுபடி செய்து தருமா என்பதற்கு என்னிடம் விதி இல்லை. டீச்சர் வாரம் தவறாமல் வந்து, நாடா வந்ததா என்று கேட்டுவிட்டு, வெறும் கையோடு கடலூர் திரும்பினார்.

நீட்டித்த காலமும் தேய்ந்துகொண்டிருந்தபோது நாடாக்கள் வந்தன. டீச்சர் அவற்றை ஆபரேட்டரிடமே நீட்டினார். அசட்டுத் துணிச்சல் என்று நினைத்தேன். ஆபரேட்டர் உலை அறையைப் பூட்டி, சாவியை என் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கருவியில் உட்கார்ந்தார். திரையில் கோடு மெல்ல ஏறியது, சோம்பலாக வளைந்து இறங்கியது, அப்புறம் எழவே இல்லை.

"டீச்சர், ஒண்ணுமே வரல!"

அவர் போட்ட சத்தத்தில், எது உடைந்தது என்று பார்க்கப் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றார் டீச்சர்.